செக் வாங்கிய ராஜா

சூரியப் புயல் அடித்த வாரத்தில் கோவில்பட்டியில் யாருக்கும் காயமில்லை. ஒரு ஓடுகூடப் பெயரவில்லை. வானம் இரண்டு நாள் மாதுளம்பழத் தோலின் நிறத்தில் இருந்துவிட்டுப் பழையபடி ஆனது. செயற்கைக்கோள்களும் மின்தடங்களும் செத்துப்போனதில், வீட்டிலும் தெருவிலும் இருந்த பொருள்கள் மட்டும் ஊமையாகிவிட்டன.

அதுவரை அவை பேசிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. அந்தத் தலைமுறைக்கு எதையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தப்பாகக் கை வைத்தால் பொருளே மறுத்துவிடும். பால் பொங்கும் முன் அடுப்பு தானாக அணையும். கூட்டம் அதிகமானால் பஸ் கதவு மூடாது. செய்யக்கூடாததற்கு ஒரு சிவப்பு விளக்கு, செய்யலாம் என்பதற்கு ஒரு பச்சை விளக்கு. இரண்டும் அணைந்த முதல் நாள் காலையில், பயணியர் விடுதிச் சந்திப்பில் வண்டிகள் வெயில் ஏறும்வரை நின்றன. வங்கி வாசலில் ஒருவர், திறந்து கிடந்த கதவின் முன்னால் பச்சைக்காகக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது.

செஸ் பலகையும் அப்படிப்பட்ட பொருள்தான். காயைக் கையில் எடுத்தால் அது போகக்கூடிய கட்டங்கள் பச்சையாக எரியும். மற்ற கட்டத்தில் வைத்தால் காய் நிற்காமல் வழுக்கித் திரும்பி வந்துவிடும். "எடுத்துப் பாரு" என்பதுதான் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்ட ஒரே பாடம். எடுத்துப் பார்த்தே பெரிய ஆட்டக்காரர்கள் உருவானார்கள். விதிகள் பலகைக்குள் இருந்தன. ஆட்டக்காரர்களிடம் இருந்தவை நம்பிக்கைகள். பக்கத்தில் வந்து நிற்கும் எதிரிச் சிப்பாயைச் சில நேரம் சாய்வாகப் போய் வெட்டப் பலகை விடும், சில நேரம் விடாது. அது ஏன் என்று யாருக்கும் தெரியாது. விளாத்திகுளம் பக்கத்து ஆட்டக்காரர்கள் அதற்காக மஞ்சள் சட்டை போட்டு வந்தார்கள்.

மாவட்டக் குடிநீர் நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு வேலை இருந்தது. மாதம் முடிவதற்குள் ஆளைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த இடம் போய்விடும். அதனால் போட்டியைத் தள்ளிவைக்க முடியவில்லை. நடுவரான வடிவு டீச்சர் தன் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு மரப்பலகைகளைக் கொண்டுவந்தார். ஒரு வெள்ளைக் குதிரைக்குக் காது இல்லை.

நடுவர் என்று பெயரே தவிர, டீச்சரின் வேலை இதுவரை பலகையில் எரியும் முடிவைப் படித்துச் சொல்வதுதான். அரையிறுதி தொடங்கியபோது அவர் எழுந்து நின்று சொன்னார்.

"எனக்கும் உங்களைவிட அதிகமா ஒண்ணும் தெரியாது. சந்தேகம் வந்தா ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதுதான் விதி. ஒத்துக்கிட்டதுக்குப் பெறவு எங்கிட்ட வரக்கூடாது."

ஒரு பலகையில் ஜெபசிங் ஆடினான். கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சுகிறவன். இந்த ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு உண்டு, அவனுக்கு இதுதான் கடைசி வருஷம். எட்டயபுரத்து ஆசிரியர் ஒருவரோடு ஆட்டம். நடுவில் அவன் யானையால் ஒரு காயை வெட்டிக் கையில் எடுத்தான். எடுத்த பிறகு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்," என்றான் ஜெபசிங். "ராஜா எங்கிட்ட இருக்காரு."

"ராஜாவையா வெட்டுன?"

"செக்குன்னு பலகை ஒண்ணும் சொல்லலையே. இவரும் நகத்தல."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆசிரியர். "சிவப்பா எரிஞ்சாத்தானே தெரியும்."

"ராஜாவை வெட்டலாமா டீச்சர்?"

வடிவு டீச்சர் யோசித்தார். இத்தனை வருஷத்தில் ராஜா பலகையை விட்டு வெளியே வந்து அவர் பார்த்ததில்லை. "கீழ வை மொதல்ல," என்றார். "பாக்கவே ஒருமாதிரி இருக்கு."

ராஜாவைத் திரும்ப வைத்து, ஆசிரியரை அவருடைய முந்திய நகர்த்தலை மாற்றி ஆடச் சொன்னார்.

அடுத்த பலகையில் ஆவுடை ஆடினாள். பத்தொன்பது வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். இந்த வேலைக்குப் படிப்புச் சான்று கேட்கவில்லை. இது கிடைக்காவிட்டால் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகவேண்டும். அவள் ஊரில் பேசுகிற பேச்சைச் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும் என்று அம்மா முத்துலெச்சுமி சொல்வாள். அவளுடைய சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டது. மின்பலகையில் என்றால் சிப்பாயின் உச்சி எரிந்து ராணியாக நிற்கும். இது சிப்பாயாகவே நின்றது.

"ஒன் ராணி இன்னும் வெட்டுப்படலையே," என்றாள் ஆவுடைக்கு எதிரே இருந்த பெண். "ஒரே நேரத்துல ரெண்டு ராணி இருக்கலாமா?"

ஆவுடை தலையை மட்டும் ஆட்டினாள். மின்பலகையில் அப்படி இரண்டு இருந்து பார்த்திருக்கிறாள். வெட்டுப்பட்ட யானை ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதை ராணி என்று ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் இறுதி ஆட்டம். ஆவுடைக்கும் ஜெபசிங்குக்கும்.

ஆரம்பத்திலேயே ஆவுடையின் மந்திரி சாய்வாக நீள வந்து ஜெபசிங்கின் ராஜாவுக்குச் செக் வைத்தது. அவன் ராஜாவைத் தொடவில்லை, தன் மந்திரியைக் குறுக்கே வைத்து மறைத்தான். மந்திரிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. மீந்ததைக் குதிரையால் எடுத்தான். ராஜா பிறந்த கட்டத்திலேயே இருந்தார். அதற்குப் பிறகு வெகுநேரம் இரண்டு பேரும் சமமாகவே போனார்கள். பிறகு நடுக்கட்டங்கள் திறக்கத் தொடங்கின. ஆவுடையின் யானை அந்தத் திறப்பை நோக்கி நகர்ந்ததும் ஜெபசிங் ராஜாவைக் கையில் எடுத்தான். எடுத்தபடி, பழக்கத்தில், பலகையைப் பார்த்தான். மரம் மரமாகவே இருந்தது.

"டீச்சர், கோட்டை கட்டலாமா?"

"நடுவுல காய் ஒண்ணும் இல்லைல்லா. கட்டு."

கோட்டை கட்டினால் ராஜா இரண்டு கட்டம் யானைப் பக்கம் போய் ஒதுங்குவார், யானை அவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து காவல் நிற்கும். அவனுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது அதுதான். ஆனாலும் அவன் ராஜாவைக் கையிலேயே வைத்திருந்தான்.

"முன்ன ஒரு தடவ செக் வாங்கிட்டாரே," என்றான்.

"அதுக்கென்ன?"

"சில நேரம் பலகை விடாது டீச்சர். எனக்கு ஒரு தடவ விட்ட மாதிரியும் ஞாபகம் இருக்கு. வெளங்கல."

டீச்சர் ஆவுடையைப் பார்த்தார். "நீ என்னட்டி சொல்லுத?"

"விடாது," என்றாள் ஆவுடை.

"நிச்சயமாவா?"

"நிச்சயம். செக் வாங்குன ராஜா கோட்டைக்குள்ள போக முடியாது. எனக்கு ஒரு தடவகூட விட்டதில்ல."

கடைசியாக அவள் சொன்னது உண்மை.

ஜெபசிங் அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். மனுஷ வாயிலிருந்து மறுப்பு வந்து அவனுக்குப் பழக்கமில்லை. அவனுக்குத் தெரிந்த மறுப்புகள் எல்லாம் சரியானவை. ராஜாவை இருந்த இடத்தில் திரும்ப வைத்தான். "நிச்சயம்னு சொல்லுதேல்லா. சரி," என்றான்.

அதன்பிறகு ஆட்டம் நீளவில்லை. திறந்த நடுவழியில் ஆவுடையின் இரண்டு யானைகளும் இறங்கின. ஜெபசிங் எழுந்து, "நல்லா ஆடுன," என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனான். மாலைப் பாகுக்கு நேரமாகியிருந்தது.

வேலை கிடைத்ததைவிட ஆவுடையின் அம்மாவுக்கு இன்னொன்றில் சந்தோஷம். வளவு வீடுகளில் எல்லோரிடமும் அதையே சொன்னாள். "ஜெயிச்சது கெடக்கட்டும்க்கா. நாலு பேரு முன்னால நிச்சயம்னு சொன்னாளாம். வடிவு டீச்சரே சொல்லுதாக. எம் பிள்ளையா இதுன்னு இருக்கு."

மின்சாரம் வந்தது. பொருள்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. சில, புயலில் புத்தி கலங்கியிருந்தன. பக்கத்து வீட்டுப் பலகையில் குதிரை நேராக ஓடியது. பலகைகளின் அடியில் திருத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு என்பதும், அதை அமுக்கிப் பலகைக்குச் சரியானதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. பழுது பார்க்கும் கடைகளில் கூட்டம் நின்றது.

ஆவுடை தன் பலகையில் அந்த இறுதி ஆட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்தாள். ஜெயித்த ஆட்டத்தை வைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அந்த இடம் வந்ததும் ஜெபசிங்கின் ராஜாவைக் கையில் எடுத்தாள். சிவப்பைப் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது.

இரண்டு கட்டம் தள்ளி, யானைப் பக்கம், பச்சை எரிந்தது.

ராஜாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். பச்சை.

பலகை கெட்டிருக்கலாம். ஆட்டத்தை முதலிலிருந்து வைத்தாள். இந்தமுறை செக் வந்ததும் மந்திரியைக் குறுக்கே வைக்காமல், தான் எப்போதும் செய்வதுபோல ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினாள். ஆபத்து போனபின் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். கோட்டை கட்ட எடுத்தாள். சிவப்பு. மறுபடி முதலிலிருந்து. குறுக்கே வைத்து மறைத்தாள். பச்சை. செக்கே வராமல் ராஜாவைச் சும்மா நகர்த்தித் திரும்ப வைத்தாள். சிவப்பு.

பலகை கெட்டிருந்தால் கண்டபடி கெட்டிருக்கும். இது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிரித்துச் சொன்னது. செக் வாங்கியது அதற்குப் பொருட்டில்லை. ராஜா நகர்ந்தாரா என்பதைத்தான் பார்த்தது.

ஆவுடை ஆடிய ஆட்டங்களில் ஞாபகமிருந்தவற்றை எல்லாம் மனசுக்குள் ஓட்டினாள். செக் வந்தபோதெல்லாம் அவள் ராஜாவைத்தான் நகர்த்தியிருந்தாள். ஒரு ஆட்டத்தில்கூட இன்னொரு காயைக் குறுக்கே விட்டதில்லை. பலகை அவளுக்கு மறுத்த அத்தனை தடவையும் வேறு ஒன்றுக்காக மறுத்திருக்கிறது.

"அம்மா," என்றாள். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு போல இருக்கு."

முத்துலெச்சுமி விஷயத்தை இரண்டுமுறை கேட்டுப் புரிந்துகொண்டாள். "யாரும் வந்து கேட்டாகளா?"

"இல்ல."

"பெறவு என்ன? கரண்டு வந்த புதுசுல எல்லாம் அப்படித்தான் காட்டும். நேத்து பால் பொங்கி ஊத்துது, நம்ம அடுப்பு சும்மா பாத்துக்கிட்டுல்லா இருந்துச்சு."

"பலகை கெடலம்மா."

"அவனும் சரின்னுதானே சொன்னான்? நீ கைய முறுக்கியா சொல்ல வச்ச?" முத்துலெச்சுமி குரலைத் தணித்தாள். "திங்கக்கெழம வேலையில சேரணும். வாயத் தொறக்காத பிள்ள ஒரு தடவ தொறந்த. அதையும் போய்த் தப்புன்னு சொல்லப்போறியா?"

ஆவுடை பலகையிலிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவளுக்கும் அதுதான் உறுத்தியது. பொய் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பொய்யை ஒத்துக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. அவள் சொன்னது பொய்யே இல்லை.

மறுநாள் பலகையைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாள். ஜெபசிங் பாகுச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தான். பாகின் பதம் சொல்லும் கருவி புயலில் செத்துப்போனதில் முதல் மூன்று சட்டி கருகிப்போனதாம். இப்போது கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வா, ஆவுடை. நானே ஒன்னையப் பாக்க வரணும்னு இருந்தேன்."

"என்னத்துக்குண்ணே?"

"நன்றி சொல்லத்தான். என் பலகை புயல்ல கெட்டுப்போய்க் கெடந்துச்சு. எனக்குத் தெரியவே இல்ல. நம்ம ஆட்டத்த வச்சுப் பாத்தேன். அந்த எடத்துல ராஜாவைத் தூக்குனா பச்சை காட்டுது."

ஆவுடை நின்றாள்.

"மொதல்ல எனக்கே ஒருமாதிரி ஆயிட்டு. பெறவுதான் நெனச்சேன், நீ அம்புட்டு நிச்சயமாச் சொன்னியே. அன்னைக்கு நீ சொல்லலன்னா இந்தக் கோளாறு தெரிஞ்சே இருக்காது. கடையில கொண்டுபோய்க் குடுத்தேன். கடைக்காரரு திருத்திட்டாரு. இந்தா பாரு."

அலமாரியிலிருந்து பலகையை எடுத்து, ஆட்டத்தை முதலிலிருந்து அந்த இடம்வரை நகர்த்தி, ராஜாவைத் தூக்கினான். யானைப் பக்கம் சிவப்பு எரிந்தது.

"நிச்சயமாத் தெரியுமான்னு கடைக்காரரு கேட்டாரு," என்றான் ஜெபசிங். "ஜெயிச்ச பிள்ளையே சொல்லுச்சுன்னேன். இன்னும் நாலஞ்சு பலகையில அதே கோளாறு இருந்துச்சாம். எல்லாத்தையும் திருத்திட்டாரு."

ஆவுடை தன் பலகையை வெளியே எடுத்து அவன் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே ஆட்டத்தை அதே இடம்வரை நகர்த்தினாள். ராஜாவைத் தூக்கினாள். பச்சை எரிந்தது.

ஜெபசிங் அதைப் பார்த்து வருத்தப்பட்டான். "அட. ஒன்னோடதும் கெட்டுப்போச்சா?"

"கெடலண்ணே."

"பெறவு?"

அவள் சொன்னாள். ராஜா நகர்ந்தால் விடாது, நகராவிட்டால் விடும், தான் எப்போதும் நகர்த்தியே பழகியவள், அதனால்தான் அப்படித் தோன்றியது. குரல் அவளுடைய வழக்கமான குரலாக இருந்தது. சட்டியின் கொதிப்புச் சத்தத்தில் அவன் இரண்டு இடத்தில் குனிந்து கேட்கவேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் இரண்டு பலகைகளிலும் மாறி மாறி ராஜாவைத் தூக்கிப் பார்த்தான். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இப்படி இரண்டு பொருள் இரண்டு விதமாகச் சொல்லி அவன் பார்த்ததில்லை. பிறகு அவளைப் பார்த்தான்.

"எதுதான் சரி?"

"பச்சை."

"நிச்சயமாவா?"

அந்தச் சொல் அன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்று ஆவுடைக்கு நினைவு வந்தது. இன்றைக்கு அன்றைவிட அதிகம் தெரியும், ஆனாலும் அது வரவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்," என்றாள்.

ஜெபசிங் சிரித்துவிட்டான். கரண்டியைத் துடைத்து வைத்தான். "அன்னைக்கு இப்படிச் சொல்லியிருந்தா நான் கோட்டை கட்டியிருப்பேன்."

பட்டறையில் வேர்க்கடலை வறுபடும் வாசனை கூடியது.

"வேலை?" என்றான்.

"இன்னும் சேரல."

வடிவு டீச்சர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். "ஒத்துக்கிட்டதுக்குப் பெறவு எங்கிட்ட வரக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"இப்ப வேற ஒண்ணுக்கு ஒத்துக்கிட்டோம் டீச்சர்," என்றாள் ஆவுடை. "அந்த எடத்துல இருந்து திருப்பி ஆடணும்னு."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்," என்றான் ஜெபசிங்.

டீச்சர் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். தான் சொன்ன விதி தன்னையே பிடிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "ஜெயிச்ச பிள்ள நீ. ஒங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். ஆவுடை தலையாட்டினாள். "என்ன சொன்னா?" ஆவுடை குனிந்து அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்தார்கள். மின்பலகைகள் எல்லாம் அலமாரியில் இருந்தன. எந்தப் பலகை கடைக்குப் போய் வந்தது, எது போகவில்லை என்று டீச்சருக்கு இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. மரப்பலகையையே மேசைமேல் வைத்தார். காதில்லாத குதிரை உட்பட எல்லாக் காய்களும் அந்த நிலையில் நின்றன. முத்துலெச்சுமி வந்திருந்தாள். கடைசி பெஞ்சில், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஜெபசிங்கின் முறை. ராஜாவைக் கையில் எடுத்தான். கட்டங்களைப் பார்த்தான். ஒன்றும் எரியவில்லை. ராஜா அந்தரத்தில் இருக்க, தலையை நிமிர்த்தி ஆவுடையின் முகத்தைப் பார்த்தான்.

அவள் தலையாட்டியிருந்தால் இரண்டு கட்டம் தள்ளி வைத்திருப்பான். ஆவுடை தலையாட்டவில்லை, இந்தமுறை அவனே முடிவு செய்யட்டும் என்று பார்வையைப் பலகைக்குத் தாழ்த்திக்கொண்டாள். மரத்தில் ராஜா வைக்கப்படும் சத்தம் எந்தக் கட்டத்திலிருந்து வரப்போகிறது என்று காத்திருந்தாள். அதற்கு வெகுநேரம் ஆயிற்று.